எச்சில் சீட்டும் துரையின் கால்வாரும்

1. முதல் நாள் சட்டம்

மலாக்கா காஜா பெராங்கில் நாகலிங்கம் முதலாளியின் குஷன் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஊசி எங்கே இருக்கிறது, நூல் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டவில்லை. ஒரு மோட்டார் காடியின் முன்சீட்டைக் காட்டினார். புதிதாகத் தைத்து முடித்த சிவப்பு சீட்டு. பார்க்கவே ஆசையாக இருந்தது.

"மாரிமுத்து, இதுல உக்காரணும்னு தோணுதா?"

"தோணுது மொதலாளி."

"உக்காந்தா அன்னைக்கே உன் வேலை போச்சு. கஸ்டமர் உக்கார்றதுக்கு முன்ன நாம உக்காந்தா அது எச்சில். எச்சில் சீட்ட வித்த கடை உருப்படாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். எச்சில் சோறு தெரியும், எச்சில் இலை தெரியும். எச்சில் சீட்டு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அங்கே இருந்த மூன்று வேலையாட்களும் காலை முதல் மாலை வரை சீட்டு தைத்தார்கள்; எல்லோரும் மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்து தைத்தார்கள். தைத்த சீட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்போம். வாரைக் கையால் இழுத்துப் பார்ப்போம். "ஓக்கே" என்போம். கஸ்டமர் வந்து உட்கார்ந்து, "என்னய்யா, கம்பி குத்துது" என்றால், "புதுசு பாருங்க, போகப்போகச் சரியாயிடும்" என்று முதலாளி சிரிப்பார். குத்துவது எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. நாங்கள் ஒருவரும் எங்கள் பின்புறத்தை அந்தச் சீட்டுக்குக் காட்டியதில்லை.

இளைய தொழிலாளர்களுக்கு எழுதுகிறேன் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்தச் சட்டம் மடத்தனம் என்று எனக்கு அன்றே தோன்றியது என்று எழுதினால் அது பொய். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எஸ்டேட்டிலிருந்து வந்தவனுக்கு, மேலே இருக்கிறவன் சொல்லும் எதுவுமே நியாயமாகத்தான் படும்.

2. ஏன் எஸ்டேட்டை விட்டேன்

இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. நான் எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டியவன். என் மனைவி லெச்சுமியும் வெட்டினாள். விடியுமுன் எல்லோரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள். லெச்சுமிக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒருநாள் மயக்கம் வந்து, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தாள். எங்கள் பெரிய துரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "லேட்டு. இன்னிக்கி வேலை இல்லே. போ" என்றார், தமிழில். துரைமார்களின் தமிழில் 'போ' என்ற சொல் மட்டும் சுத்தமாக இருக்கும்.

கொட்டும் மழையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். நான் வரிசையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையை விட்டு வந்தால் என் பேரும் போகும். அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. அடுத்த மாதமே சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்துவிட்டோம். மகள் காஜா பெராங்கில்தான் பிறந்தாள். லெச்சுமி ஒன்றே ஒன்று சொன்னாள்: "தெருவுல ஒக்காந்து பிச்சை எடுத்தாலும் எடுப்பேன். திரும்ப அந்தப் பெரட்டுல போய் நிக்க மாட்டேன்."

3. தண்ணீரில் ஓடும் பலகை

நாடு மெர்டேக்கா அடைந்து ஓராண்டு ஆகவில்லை. எங்கள் பட்டறைக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. துரையின் காடி வாசலில் நின்றால் முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடுவார்.

அன்றும் ஓடினார். இறங்கியவர் யாரென்று பார்த்தேன். எங்கள் பெரிய துரையேதான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வரிசையில் நின்றவன் முகம் யாருக்குத் தெரியும்?

காடியின் கூரைமேல் ஒரு பலகை கட்டியிருந்தது. ஆள் உயரம், முன்பக்கம் சற்று வளைந்து, மழமழவென்று வார்னிஷ் அடித்திருந்தது. மோட்டார் போட்டில் கயிறு கட்டி இழுக்க, அதன்மேல் நின்றுகொண்டு கடலில் போவார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரையில் துரைமார்களுக்கு இதுதான் விளையாட்டு. ஆறு நாள் நாங்கள் நிற்கப் பார்த்தவர்கள், ஏழாம் நாள் தாங்களே நிற்கப் பழகினார்கள் போலும்.

கால் வழுக்காமல் இருக்கப் பலகைமேல் இரண்டு தோல்வார் வேண்டும், வளைவாக, கால் உள்ளே நுழையும்படி. ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தைக் கிழித்து வந்திருந்தார். ஒவ்வொரு வாருக்கும் இந்த முனையில் ஒரு போல்ட், அந்த முனையில் ஒரு போல்ட்.

"படத்திலே மாதிரி. ஒண்ணு ஒண்ணு போல்ட். தெரியுதா?"

"சரி துரை" என்றேன். வேலை என் கைக்கு வந்தது.

4. சரி துரை, இன்னும் இரண்டு முறை

படத்தில் இருந்தபடியே செய்தேன். மூன்று விரல் அகலத் தோல், உள்ளே ஃபெல்ட், இரட்டைத் தையல். கையால் மேலே இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. ஓக்கே.

திங்கட்கிழமை அபாங் நாயா பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாயகம் என்பது அவர் பெயர்; அபாங் என்றால் மலாயில் அண்ணன். காஜா பெராங் சிட்டிக்காரர், அதாவது பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் கலந்துவிட்ட தமிழ் வம்சம். எங்கள் வாடகை அறைக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். நெற்றியில் விபூதி பட்டையாக இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். துரையின் மோட்டார் போட்டை ஓட்டுவது அவர் வேலை.

"முத்து! துவான் ஜாத்தோ!" என்றார். துரை விழுந்துவிட்டார். விழுந்ததை நடித்தே காட்டினார். கால் பக்கவாட்டில் லேசாகத் திரும்புகிறது, வாரும் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு கூடவே திரும்புகிறது, முறுக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறது, கால் கழன்றுகொள்கிறது, துரை சேற்றுத் தண்ணீரில் மல்லாக்க விழுகிறார், கரையில் துரைசானிகள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். சொல்லும்போது நாயாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பின்னாலேயே துரை வந்தார். "போல்ட் டைட் இல்லே. நல்லா டைட் பண்ணு."

"சரி துரை." ஸ்பேனரில் இரும்புக்குழாய் செருகி முறுக்கினேன். கையால் இழுத்தேன். ஓக்கே. அடுத்த ஞாயிறு உப்புத் தண்ணீரில் தோல் ஊறியது, வார் திரும்பியது, துரை விழுந்தார்.

"தோலு பத்தாது. தடி தோலு போடு."

"சரி துரை." எருமைத்தோலை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். ஊசி மூன்று ஒடிந்தது. முதலாளி தன் யோசனையாக, அடியில் டியூப் ஒட்டும் சொலுஷனும் பூசச் சொன்னார். கையால் இழுத்தேன். பலகையே எழுந்து வந்தது. இந்த முறை ஓக்கே என்று நான்கு பேரும் சேர்ந்து சொன்னோம். ஞாயிறு அன்று கடற்கரைக் கிளப்பில் விருந்தாளிகள் வேறு. சொலுஷன் கடலோடு போனது. தடித்த வார் ஒரே துண்டாகத் திரும்பி, அதன் ஓரம் துரையின் புறங்காலைச் சீவிவிட்டது. விருந்தாளிகளுக்கு முன்னால் விழுந்தது போதாதென்று ரத்தக் காலோடு எழுந்து வந்தாராம்.

"லாகி ஜாத்தோ" என்றார் நாயா. மறுபடியும் விழுந்தார் என்று அர்த்தம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "முத்து, துவான் ரொம்ப மாரா" என்றார். துரை கடுங்கோபத்தில் இருந்தார்.

கோபம் முதலாளிமேல் இறங்கியது. எஸ்டேட் லாரி சீட்டு, கிளப் நாற்காலி, பங்களா மெத்தை எல்லாமே வேறு கடைக்குப் போகும் என்று கத்திவிட்டுப் போனார். முதலாளி என்னிடம் வந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாரி, புதன்கிழமை காலையில துரை வர்றாரு. அன்னைக்கும் அது திரும்புச்சுன்னா நீ பெட்டியக் கட்டிடு. உனக்கு எஸ்டேட்தான் லாயக்கு. நானே துரைகிட்டச் சொல்லி உன் பேர மறுபடி எழுத வைக்கிறேன். அந்த ஒத்தாசையாவது செய்யறேன்."

ஒத்தாசையாம்! லெச்சுமியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் காஜா பெராங்கில் ஒரு செய்தி, சம்பந்தப்பட்டவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்காது. நாயாவின் சம்சாரம் அவளிடம் முன்பே சொல்லிவிட்டாள்.

"நீங்க போங்க" என்றாள் லெச்சுமி, மகளுக்குத் தலை சீவிக்கொண்டே. "நானும் புள்ளையும் இங்கயே கெடக்கோம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

5. ஒற்றை ஆணி

புதன்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான கிணறு. குளிக்கப் போகும்போது எல்லோரும் போட்டுக்கொள்வது சீனர் கடைக் கட்டைச் செருப்பு. மரக்கட்டை, மேலே பழைய டயர் ரப்பரில் ஒரு வார். லெச்சுமியின் ஜோடி வாசலில் கிடந்தது. அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு நடந்தேன். வாளியைத் தூக்கித் திரும்பினேன். கால் திரும்பியது, வார் திரும்பியது, நான் வாளியோடு மல்லாக்க விழுந்தேன். துரை கடலில் எப்படி விழுந்தாரோ அப்படியே. இடம்தான் வேறு.

லெச்சுமி ஓடி வந்தாள். தூக்கிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"நாலு நாளா கத்துறேன்! அந்தச் செருப்புல ஒரு பக்கம் ஒத்த ஆணிதான் நிக்குது, மத்ததெல்லாம் விழுந்துருச்சு, அடிச்சுக் குடுங்கன்னு. காதுல வாங்குனாத்தானே! ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறாரு, பொண்டாட்டி செருப்புக்கு ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல!"

இடுப்பு வலியோடு செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒற்றை ஆணி. வார் அதைச் சுற்றிச் சுழன்றது. மறுபக்கம் வாரின் முனை அகலமாக இருந்தது. அதன்மேல் ஒரு தகரப்பட்டை, பட்டையின்மேல் மூன்று ஆணி. எவ்வளவு திருப்பினாலும் அசையவில்லை. மலாக்காவில் இருக்கும் அத்தனை குளியலறையிலும், அத்தனை காலிலும் இந்த விஷயம் இருந்தது. நான் மட்டும் ஸ்பேனரில் குழாய் செருகிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் பரிசோதித்தபோதெல்லாம் கையால் மேலே இழுத்தேன். கால் மேலே இழுப்பதில்லை. கால் திருப்புகிறது. மூன்று முறையும் வாருக்குள் ஒரு கால் போயிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். போகவில்லை, ஏனென்றால் எச்சில்.

ஈரத்துணியோடு நின்று சிரித்தேன். லெச்சுமி, விழுந்ததில் மண்டை கலங்கிவிட்டது என்று நினைத்தாள்.

6. காலைப் பிடித்த துரை

பட்டறைக்கு ஓடினேன். முதலாளி அங்கே இல்லை. துரை வரும் நாள் என்பதால் ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தார். பிள்ளையார் அந்த ஒன்றரை மணி நேரம் அவரைப் பிடித்து வைத்திருந்ததுதான் எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

எருமைத்தோலைக் கழற்றி எறிந்தேன். பழைய அளவுத் தோலிலேயே புது வார் வெட்டினேன். முனை இரண்டும் விசிறி மாதிரி அகலம். பழைய காடிக் கதவின் ஓரத்தில் இருந்த பித்தளைப்பட்டையை வெட்டி மேலே வைத்தேன். இரும்பு என்றால் உப்பில் துருவேறும். ஒவ்வொரு முனையிலும் மூன்று பித்தளை ஸ்குரூ, ஒரே வரிசையாக இல்லாமல் முக்கோணமாக.

கை வழக்கம்போல இழுக்கப் போனது. நிறுத்தினேன். கதவைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் துரையின் பலகைமேல் ஏறி, இரண்டு காலையும் வாருக்குள் விட்டேன். மற்ற மூன்று பேரும் தைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவன், "மாரி, வேணாம்டா" என்றான், ஏதோ நான் கோயில் கருவறைக்குள் நுழைந்துவிட்டதுபோல.

இடுப்பை வளைத்தேன், முழங்காலைத் திருப்பினேன், குதித்தேன். வார் அசையவில்லை. இன்னொரு முறை திருப்பினேன். அப்போது வாசலில் தேங்காய்த் தட்டோடு முதலாளி.

"அடப்பாவி! எறங்குடா! தொரை கால் வைக்கிற எடத்துல..."

சொல்லி முடிக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் காடிக் கதவு சாத்தும் சத்தம். துரை. கூடவே பலகையைத் தூக்க வந்த நாயா.

துரை என்னையும் என் காலையும் பார்த்தார். முகம் சிவந்தது. "ஏய்! யாரு மேலே ஏற சொன்னா? எறங்கு!"

இறங்கியிருப்பேன். கால் இறங்கத்தான் பார்த்தது. ஆனால் வார் பிடித்துக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவசரத்தில் இழுத்ததில் கால் வரவில்லை. அந்த ஒரு கணத்தில் எனக்குத் தைரியம் வந்தது.

"துரை, கையால இழுத்தா எல்லா வாரும் நிக்கும். கால் போனாத்தான் திரும்புது. என் கால் இப்ப உள்ள இருக்கு. நீங்களே பிடிச்சுத் திருப்பிப் பாருங்க."

"ஐயோ தொரை, அவனுக்குப் புத்தி சரியில்ல..." என்று முதலாளி குறுக்கே வந்தார். தட்டிலிருந்து வாழைப்பழம் உருண்டது.

துரை அவரைப் பார்க்கவில்லை. பித்தளைப்பட்டையைப் பார்த்தார், மூன்று ஸ்குரூவையும் பார்த்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்த மனுஷன். மானத்தைவிட அந்த வார்தான் அப்போது அவருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி நாயாவிடம் கொடுத்தார். வெள்ளைக் கால்சட்டையோடு தூசியில் மண்டியிட்டார். என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இடமாகத் திருப்பினார். வலமாகத் திருப்பினார். மூச்சு வாங்கத் திருப்பினார். என் கால் கழன்று அவர் கையோடு வந்துவிடும்போல வலித்தது. வார் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாயா மலாயில் முருகனைக் கூப்பிட்டார்.

"குட்" என்றார் துரை, கீழே இருந்தபடியே. "வெரி குட். எங்கே பாத்து செஞ்சே?"

"என் பொஞ்சாதி கட்டைச் செருப்பைப் பார்த்து, துரை."

அவர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புதான், குறை சொல்ல மாட்டேன். பிறகு, "நீ எந்த ஊரு?" என்றார்.

"உங்க எஸ்டேட்டுதான் துரை. மூணாம் லயம்."

"அப்படியா! நம்ம ஆளா?" முகம் மலர்ந்துவிட்டது. "நீ மரம் வெட்டவேணாம். திரும்பி வா. எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பிலே வேலை தர்றேன். வீடு தர்றேன். அடுத்த மாசம் வா."

நான் எதற்குப் பயந்து இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேனோ, அதையே பரிசாகக் கொடுத்தார். தோற்றிருந்தால் எஸ்டேட், ஜெயித்தாலும் எஸ்டேட்! முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அன்று முதல்முறையாக ஒரு கெஞ்சல் இருந்தது. 'சரி துரை' நாக்கு நுனியில் வந்து நின்றது. பழக்கம் அப்படி.

"முடியாது துரை" என்றேன்.

"ஏன்? சம்பளம் சேத்து தர்றேன்."

"சம்பளம் இல்ல துரை. என் பொஞ்சாதி ஏழு மாச வயித்தோட ஒருநாள் பெரட்டுக்கு லேட்டா வந்தா. மழையில திருப்பி அனுப்புனீங்க."

அவர் யோசித்தார். "யாரு? எப்போ?" என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"உங்களுக்குத் தெரியாது துரை. எங்களுக்குத் தெரியும். நாங்க வரமாட்டோம்."

என் கால் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மெல்ல விட்டார். எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். தொப்பியை வாங்கிக்கொண்டு காடியில் ஏறினார்.

7. அதற்குப் பிறகு

முதலாளி முதலில் செய்த காரியம், பிள்ளையார் கோயில் தீர்த்தத்தைப் பலகைமேல் தெளித்து எச்சில் கழித்தது. இரண்டாவதாக, என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ எங்கயும் போக வேணாம். ஆனா சீட்டுல உக்காராத. கால்வாருக்கு மட்டும் விட்டுக் குடுக்கிறேன்" என்றார். மனுஷன் திருந்தினால் அவ்வளவுதான் திருந்துவார்.

திங்கட்கிழமை நாயா வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தேன்.

"ஜாத்தோ?" என்றேன்.

"ஜாத்தோ" என்றார். துரை விழுந்துவிட்டார். ஆனால் வார் இம்மிகூடத் திரும்பவில்லை. அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால், இந்த முறை துரை விழுந்தபோது பலகையும் காலோடு சேர்ந்தே போனதாம். இரண்டும் ஒன்றாகக் கரை ஒதுங்கியதாம். புகார் வருமோ என்று ஒரு வாரம் காத்திருந்தோம். வரவில்லை. கடைசியில் பிரச்சினை வாரில் இல்லை, நிற்கத் தெரியாததில்தான் என்பது அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

பல வருஷம் கழித்து மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்ற ஊரில் சொந்தமாகக் குஷன் பட்டறை போட்டேன். லாரி, பஸ், ஃபேக்டரி வேன் என்று ஆயிரக்கணக்கான சீட்டு தைத்தாகிவிட்டது. இளைய தொழிலாளர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: கையால் இழுத்துப் பார்த்துவிட்டு ஓக்கே சொல்லாதீர்கள். எந்த உறுப்புக்காகச் செய்கிறீர்களோ, அந்த உறுப்பை வைத்துப் பாருங்கள். முதலாளி எச்சில் என்பார். ஏறி நில்லுங்கள்.

என் பட்டறையில் பேர் கூப்பிட்டு யாரையும் வரிசையில் நிற்க வைத்ததில்லை. தைத்து முடித்த ஒவ்வொரு சீட்டிலும் முதலில் லெச்சுமிதான் உட்காருவாள். தாமதமாகத்தான் வருவாள், கோப்பி குடித்துவிட்டு, ஆற அமர. அதுவரை நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருப்போம்.